ஓடாத வண்டிக்கு ஆயில்

ஆயில் எப்போ மாத்தினதுன்னுதானே கேட்டீங்க தம்பி? கேக்கணும். காலையில ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் டயரை உதைச்சுப் பாத்தார். இன்னொருத்தர் ஏசி எவ்வளவு சீக்கிரம் குளிரும்னு கேட்டார். இருபத்தஞ்சு வருஷத்து எஸ்டீம் இது, ஆயிலைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கலை. நீங்க கேட்டீங்க. உக்காருங்க. கோடை மழைதான், கொஞ்ச நேரத்துல விட்டுரும். வண்டி போர்ட்டிகோவுலதான் நிக்கு, நனையாது. மதினி காப்பி போடுதாங்க.

டிசம்பர்ல மாத்தினது. இப்போ ஏப்ரல். திரும்ப மாத்தணும். இல்லை, ஓடலை. மீட்டரைப் பாத்தீங்கன்னா டிசம்பர்ல இருந்த எண்தான் இருக்கும். ஆனா ஆயில் அளவு பாக்குற கம்பியை உருவிப் பாத்தீங்கன்னா எண்ணெய் கறுப்பா இருக்கும். மூடியைத் திறந்தா உள்பக்கம் வெள்ளையா, பால் ஆடை படிஞ்ச மாதிரி இருக்கும். பயந்துராதீங்க, இஞ்சின்ல பழுது ஒண்ணும் இல்லை. ஒரு இடத்துல நின்னபடியே ஓடின வண்டி, அவ்வளவுதான்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாத்தணும்னு கேட்டா எங்க வீட்டுல ரெண்டு கட்சி. எங்க அண்ணன் ஆசீர் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. அவனுக்கு மூவாயிரம் கிலோமீட்டர், இல்லேன்னா மூணு மாசம், எது முந்துதோ அது. நான் அமெரிக்காவுல, மினசோட்டாவுல இருந்து ஞாயித்துக்கிழமைதோறும் பேசுவேன். அப்பா கட்டில்ல இருப்பாங்க, போனை ஸ்பீக்கர்ல போட்டு மெத்தை மேல வச்சிருப்பாங்க. சபையில யாருக்குக் கல்யாணம், யாருக்குச் சுகமில்லை, எல்லாம் முடிஞ்சதும் இது ஆரம்பிக்கும்.

"இந்த வாரம் ஆயில் மாத்தினேன்டே"ம்பான்.

"ஏன் அண்ணே, நல்லா இருக்க எண்ணெயைக் கீழே ஊத்துதே? பத்தாயிரம் வரைக்கும் தாங்கும். இப்போ வர்றது பழைய காலத்து எண்ணெய் இல்லை."

"ஏலே, நீ மூணு வருஷத்துக்கு ஒரு காரையே மாத்துதவன். நீ எனக்கு எண்ணெய் சொல்ல வந்துட்டியா?"

பக்கத்துல அப்பா சிரிக்கிறது கேக்கும். வருஷக் கணக்கா இதே சண்டை. வேற எதைப் பத்தியும் நாங்க ரெண்டு பேரும் இவ்வளவு பேசினது இல்லை.

அண்ணன் போன ஜூலையில இறந்துட்டான். காலேஜ் ஆபீஸ்ல வேலை. நாற்காலியில உக்காந்தபடியே போயிட்டான். அதே வாரம் அப்பா குளியலறையில வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில கிடக்காங்க. கண்ணு ரெண்டும் சர்க்கரையில முந்தியே போயிருச்சு. டாக்டர் சொன்னார், இப்போ சொல்லாதீங்க, தாங்க மாட்டாங்க, உடம்பு தேறட்டும். அடக்கம் முடிஞ்சுது. எனக்கு வர முடியலை, கம்பெனியில ஆளைக் குறைச்சிட்டு இருந்த நேரம், அது எல்லாருக்கும் தெரியும். போன்ல பாத்தேன். யாரோ கூட்டத்துக்குப் பின்னால நின்னு பிடிச்சிருந்தாங்க. நிறையக் குடைதான் தெரிஞ்சுது.

உடம்பு தேறட்டும்னு தள்ளிப்போட்டது, தேறின பிறகும் சொல்லவே இல்லை. அது மதினியோட முடிவு. பியூலா மதினி, அண்ணன் மனைவி, உங்களுக்குக் கேட் திறந்தாங்களே அவங்கதான். நான் குத்தமாச் சொல்லலை. ஆனா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா?

எங்க வீட்டுல ஒரு வழக்கம் தம்பி. சாயங்காலம் அண்ணன் வண்டி வந்து நிக்கும். ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதிச்சிட்டு அணைப்பான். கதவைச் சாத்துவான். அந்தக் கதவு ஒரு தடவையில சாத்தாது, ரெண்டு தடவை அடிக்கணும். கை கால் கழுவிட்டு உள்ள வருவான். அப்பா கட்டிலைச் சுத்தி எல்லாரும் முழங்கால் போட்டுக் குடும்ப ஜெபம். ஜெபம் முடிஞ்சாத்தான் சாப்பாடு. ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு அப்பா சோறு வேண்டாம்னுட்டாங்க. "ஆசீர் வரட்டும்." மறுநாளும் அதேதான். வெறும் வயித்துல மாத்திரை போட முடியாது. மதினி என்ன செஞ்சாங்க தெரியுமா? சாவியை எடுத்துட்டுப் போய் வண்டியை ஸ்டார்ட் பண்ணியிருக்காங்க. அவங்களுக்கு ஓட்டத் தெரியாது, ஸ்டார்ட் பண்ண மட்டும் தெரியும். ஒரு மிதி. அணைச்சு, கதவை ரெண்டு தடவை அடிச்சு, உள்ள வந்திருக்காங்க.

"வந்துட்டானா? ஜெபத்துக்கு வரச் சொல்லு தாயி."

"தலைவலின்னு படுத்துட்டாங்க மாமா."

அப்பா தானே ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிட்டாங்க. பாஸ்டர் வந்தாலும் சொந்தக்காரங்க வந்தாலும் மதினி கேட்டுலயே பேசி அனுப்பிருவாங்க. ஆனா ஒரு மனுஷனுக்கு எத்தனை நாள் தலைவலி இருக்கும்? செப்டம்பர்ல எனக்குப் போன் வந்துச்சு. என் வேலையும் அதுக்குள்ள போயிருந்துச்சு. வந்தேன். பெட்டியோட கேட்டைத் திறந்தா, மதினி விரலை உதட்டுல வச்சுக்கிட்டு நிக்காங்க. அப்படியே பின்பக்கம் கிணத்தடிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

"அப்பாவைப் பாக்கணும் மதினி."

"பாருங்க. ஆனா நீங்க எட்வினாப் போய் நிக்காதீங்க."

"என்ன சொல்லுதீங்க?"

"கிறிஸ்துமஸ் இல்லை, கல்யாணம் இல்லை, நடுவருஷத்துல நீங்க வந்து நின்னா மாமா என்ன கேப்பாங்க? யாருக்கு என்ன ஆச்சுன்னுதான் கேப்பாங்க. உங்க குரலும் அவுக குரலும் ஒண்ணு. போன்ல எடுத்தா எனக்கே தெரியாது." சொல்லிட்டுத் திரும்பி நின்னுக்கிட்டாங்க. "கொஞ்ச நாளைக்கு அவுகளா இருங்க."

இருபத்திரண்டு வருஷம் கழிச்சு, இனி இங்கேதான்னு திரும்பி வந்திருக்கேன். வந்த வீட்டுல நான் இல்லை. புரியுதா தம்பி? எங்க அப்பா முன்னாடி நான் வந்து நின்னு, "வந்துட்டேன்ப்பா"ன்னு சொல்லுதேன். அவங்களுக்கு வந்தது நான் இல்லை.

அப்படித்தான் நடந்துச்சு. சாயங்காலம் வண்டியை ஸ்டார்ட் பண்ணுவேன், ஒரு மிதி, அணைச்சிட்டுக் கதவு. அண்ணன் செருப்பைப் போட்டுக்கிட்டு நடந்து வருவேன், அவன் குதிகாலைத் தேய்ச்சு நடப்பான். அவன் பவுடர், அவன் வாட்ச். அப்பா கையைப் பிடிச்சா முதல்ல வாட்சைத்தான் தடவுவாங்க. மதினி என் பேரைச் சொல்லிக் கூப்பிட முடியாது இல்லையா, அதனால அப்பா காதுபட "என்னங்க, சாப்பிட வாங்க"ம்பாங்க. என் முகத்தைப் பாத்துச் சொல்ல மாட்டாங்க, சுவத்தைப் பாத்துச் சொல்லுவாங்க. என் மேல அவ்வளவு வெறுப்பு. சொல்லிட்டுப் பின்பக்கம் போய்த் தண்ணி மோட்டாரைப் போட்டுக்கிட்டு நிப்பாங்க. டேங்க் நிரம்பி வழியும், நிறுத்த மாட்டாங்க. எத்தனையோ தடவை சொல்லிப் பாத்தேன், தண்ணி வீணாகுது, கரண்ட் வீணாகுதுன்னு. மோட்டார் சத்தத்துல நான் கூப்பிடறதே கேக்காது. கண்ணெல்லாம் சிவந்து உள்ள வருவாங்க. அந்த ஈரத்துல நின்னா ஜலதோஷம் பிடிக்காம என்ன செய்யும்?

எனக்குப் பேய் பிசாசுல நம்பிக்கை கிடையாது. ஆனா சொல்லுதேன். கதவை முதல் தடவை அடிப்பேன். ரெண்டாவது அடி நான் கையை வைக்கிறதுக்கு முந்தியே விழுந்த மாதிரி இருக்கும். வாசப்படி ஏறும்போது எனக்கு முன்னால யாரோ ஏறிப்போன மாதிரி, நான் பின்னால போற மாதிரி. ஒரு நாள் அண்ணன் கண்ணாடியில தலை சீவிக்கிட்டு நின்னேன். வகிடு இடதுபக்கம் எடுத்திருக்கேன். எனக்கு வகிடு வலதுபக்கம். யார் மாத்தி எடுத்தான்னு எனக்குத் தெரியலை.

ஜெபம்தான் கஷ்டம். அப்பா சொல்லுவாங்க, "இந்த வீட்டில் இருக்கிற மூணு பேரையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறேன் ஆண்டவரே. தூரதேசத்தில் இருக்கிற என் சின்ன மகனையும் காத்துக்கொள்ளும்." நான் அவங்க கட்டிலுக்குக் கீழே முழங்கால்ல நிக்கேன். கையை நீட்டினா என் தலையைத் தொடலாம். எனக்காக ஜெபம் பண்ணுதாங்க, அண்ணனா நான் ஆமென் சொல்லுதேன். ஆனா அது போதும்னு இருந்துச்சு தம்பி. தினமும் ஒரு தடவை அந்த வீட்டுல என்னைப் பத்திப் பேச்சு வந்துச்சு இல்லையா? அதுக்காகவே சாயங்காலம் எப்போ வரும்னு இருப்பேன்.

ஞாயித்துக்கிழமை இன்னொரு கூத்து. மொட்டைமாடியில ஏறி நின்னு, நான் மினசோட்டாவுல இருந்து பேசணும். கீழே மதினி போனைக் கட்டில்ல வைப்பாங்க.

"அங்க குளிராலே?"

"ஆமாப்பா, பனி கொட்டுது." முதுகெல்லாம் வேர்த்து ஊத்தும்.

"காக்கா சத்தம் கேக்கே?"

"இங்கயும் காக்கா உண்டுப்பா."

"அப்படியா? இத்தனை வருஷமா ஒரு தடவைகூடக் கேக்கலையே." சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

சரி, ஆயிலுக்கு வாரேன். நவம்பர்ல மதினி ஆரம்பிச்சாங்க, "மூணு மாசம் தாண்டியாச்சு, ஆயில் மாத்தணும், அவுக மாத்துவாங்க." நான் சிரிச்சேன். ஓடாத வண்டிக்கு எதுக்கு ஆயில்? பட்டறையில மெக்கானிக் சுடலைகிட்டக் கேட்டேன், அவனும் என் கட்சிதான். "நிக்கிற வண்டி சார், அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்." அதோட விட்டுட்டேன். அங்கேதான் நாங்க எல்லாரும் கோட்டை விட்டோம். இது நீங்க தெரிஞ்சுக்கிடணும். வண்டியை ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷத்துல அணைச்சா இஞ்சின் சூடாகவே ஆகாது. எரியாத பெட்ரோல் கொஞ்சம், ஈரம் கொஞ்சம், எல்லாம் எண்ணெய்க்குள்ளயே இறங்கும். எண்ணெய் நீர்த்துப்போகும். மேல டக் டக்னு தட்ட ஆரம்பிக்கும். எனக்கு அது காதுலயே விழலை. தினமும் கேக்கிற சத்தம்தானே.

அப்பாவுக்கு விழுந்திருக்கு. ஒரு நாள் ஜெபத்துக்கு முந்தி, "வண்டி தட்டுதே. எண்ணெய் மாத்தலையா?"ன்னாங்க.

எனக்கு மழையில கடைக்கு அலைஞ்சிட்டு வந்த எரிச்சல். மதினி வேற காலையில இருந்து அதையே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. "ஓடாத வண்டிக்கு எதுக்குப்பா? பத்தாயிரம் வரைக்கும் தாங்கும். இப்போ வர்றது பழைய காலத்து எண்ணெய் இல்லை"ன்னுட்டேன்.

மதினி கையில இருந்த டம்ளர் கீழே விழுந்துச்சு. நான் உடனே சுதாரிச்சுக்கிட்டேன். "இல்லைப்பா, வெளியூர் ஓடலைன்னு சொன்னேன். காலேஜுக்குத்தானே போயிட்டு வாரேன்"னு சமாளிச்சேன். நல்லவேளை, அப்பா கவனிக்கலை. கையை நீட்டினாங்க, குடுத்தேன். அன்னைக்கு வாட்சைத் தடவலை. வாட்சுக்கு மேல, முழங்கை வரைக்கும் தடவிக்கிட்டே இருந்தாங்க. வயசானவங்க, நினைப்பு எங்கேயோ போயிருக்கும். ரொம்ப நேரம் கழிச்சு, "சரி, ஜெபம் பண்ணுவோம்"னாங்க.

"இந்த வீட்டில் இருக்கிற மூணு பேரையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறேன் ஆண்டவரே." நிறுத்திட்டாங்க. நான் அடுத்ததுக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன். தூரதேசத்துல இருக்கிறவன் வரலை. ஆமென் வந்துருச்சு.

மறந்துட்டாங்கன்னு நினைச்சேன். மறுநாளும் அதேதான். மூணு பேர், ஆமென். அதுக்கு மறுநாளும். ஞாயித்துக்கிழமை மதினி போனை எடுத்துட்டுப் போனா, "சின்னவன் போன் வேண்டாம் தாயி, இனிமே பண்ண வேண்டாம்னு சொல்லிரு"ன்னுட்டாங்களாம். நான் மாடியில நிக்கேன், கையில போனோட. என்ன தப்பு பண்ணினேன்? பெத்த அப்பா, ஜெபத்துல இருந்தே ஒருத்தனை எடுத்துருவாங்களா? அண்ணனுக்கு எல்லாம் உண்டு, மரிச்சதுக்கப்புறமும் உண்டு. அவன் செருப்பு நடந்து வந்தா இவங்க முகம் மலருது. நான் எண்ணெயைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதுக்கு என்னைக் கணக்குலயே சேக்கலை.

மதினிகிட்டக் கேட்டேன். "மாமா மூணு பேர்னுதானே சொல்லுதாங்க"ன்னாங்க. "ஆமா, அந்த மூணுல நான் எங்க இருக்கேன்?"னு கேட்டேன். அவங்க என்னை நிமிர்ந்து பாத்தாங்க. வந்ததுல இருந்து முதல் தடவையா முகத்துக்கு நேரா. என்னமோ சொல்ல வந்து, மோட்டாரைப் போடப் போயிட்டாங்க.

அந்தக் கோபத்துலதான் டிசம்பர்ல வண்டியைப் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன். எண்ணெய் தார் நிறத்துல, தண்ணியா வடிஞ்சுது. சுடலையே, "இது நின்ன வண்டி எண்ணெய் மாதிரி இல்லையே சார்"னான். அன்னைக்குன்னு பேய்மழை. கேஸ்கட் வேற ஒண்ணு மாத்தணும், நாளைக்கு எடுத்துக்கிடுங்கன்னான். ஆட்டோவுல தெருமுனையில இறங்கி, செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டுத் தண்ணியில நடந்து வந்தேன். சாயங்காலம் ஆயிருச்சு. வண்டி இல்லை. வண்டிச் சத்தம் இல்லாம அண்ணன் எப்படி உள்ள வருவான்? நான் உள்ள போகலை. போர்ட்டிகோவுல, வண்டி நிக்கிற இடத்துல, சும்மா நின்னேன். மதினி ஜன்னல் வழியா என்னைப் பாக்காங்க. ரெண்டு பேருக்கும் என்ன செய்யன்னு தெரியலை.

உள்ள இருந்து அப்பா குரல் வந்துச்சு. "ஏன்லே வெளிய நிக்கே? நனையாத, உள்ள வா."

யோசிச்சுப் பாருங்க தம்பி. கதவு அடிக்கலை, இஞ்சின் இல்லை, செருப்புகூடக் கையில. அவங்களுக்கு எந்த வண்டி வந்த சத்தம் கேட்டுது? யாரு வந்து கதவைச் சாத்தினா? திரும்பிப் பாத்தேன், பின்னால மழைதான். அண்ணன்தான் வந்திருக்கான். வேற என்ன சொல்ல? அவனைத்தான் கூப்பிட்டாங்க, அவனுக்கு முன்னாடி நான் உள்ள போயிட்டேன். அன்னைக்கு மூணு தட்டையும் கட்டில் பக்கத்துலயே கொண்டுவரச் சொன்னாங்க. எல்லாரும் ஒண்ணாச் சாப்பிட்டோம்.

ஜனவரியில அப்பா போயிட்டாங்க. தூக்கத்துல, நிம்மதியாத்தான். அதுக்கு முந்தின நாள் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "பியூலா தனியா இருக்கக் கூடாதுலே. அவளை விட்டுட்டு மறுபடி போயிராத"ன்னாங்க. கடைசி நேரத்துப் பேச்சு. அண்ணன் எங்க போனான், மறுபடி போறதுக்கு? பிறந்ததுல இருந்து இந்தத் தெருவை விட்டுப் போகாதவன். "எங்கயும் போகலைப்பா"ன்னேன், அவன் சார்புல. நான் ஜூன்ல அமெரிக்காவுக்கே திரும்பிப் போறேன். பழைய கம்பெனியிலயே கூப்பிட்டிருக்காங்க. அதனாலதான் வண்டியை விக்கிறது. மதினியைக் கேட்டாச்சு, எழுந்து மோட்டாரைப் போடப் போயிட்டாங்க.

அப்பா போனதுக்கப்புறமும் இன்னும் எதுக்கு ஸ்டார்ட் பண்ணுதேன்னா? பேட்டரிக்காகத்தான் தம்பி. சும்மா விட்டா இறங்கிரும் இல்லையா? சாயங்காலம் ஒரு ரெண்டு நிமிஷம்.

என்ன சொன்னீங்க?

அப்பாவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குன்னா?

இல்லை தம்பி. நீங்களும் மதினி மாதிரியே பேசுதீங்க. அப்பா அடக்கம் முடிஞ்ச அன்னைக்கு அவங்களும் இதைத்தான் சொன்னாங்க. அவங்களுக்கு அப்படி நினைச்சா மனசுக்கு ஆறுதல், நினைச்சுக்கிடட்டும். தெரிஞ்சிருந்தா கூப்பிட்டிருக்க மாட்டாங்களா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எட்வின்னு? பக்கத்துலயே கிடந்தேனே. சோறு ஊட்டினேன், முதுகு துடைச்சுவிட்டேன். கூப்பிட்டிருந்தா, என்னப்பான்னு என் குரல்ல சொல்லியிருப்பேன். ஒரே குரல்தான், இருந்தாலும் சொல்லியிருப்பேன். மூத்த மகன் போயிட்டான்னு தெரிஞ்சுக்கிட்டு, ஒரு சத்தம் இல்லாம, மருமக முன்னாடி ஒரு அழுகை இல்லாம, ஒரு மனுஷன் மூணு வேளையும் சாப்பிட முடியுமா? எதுக்காக அப்படி இருக்கணும்? யாருக்காக?

காப்பி ஆறுது, குடிங்க.

மழை விட்டுருச்சு. இந்தாங்க சாவி. உடனே அணைச்சிராதீங்க, நல்லாச் சூடாகட்டும். சமாதானபுரம் வரைக்கும் ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்க, அப்போதான் தெரியும். வாங்கினீங்கன்னா மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்திருங்க. ஓடினாலும் சரி, ஓடலைன்னாலும் சரி.

இல்லை, நான் கூட வரலை. அந்த வண்டி வெளிய எப்படிக் கேக்கும்னு எனக்குத் தெரியும். உள்ள இருந்து நான் ஒரு நாளும் கேட்டது இல்லை. அந்த அறையில அப்பா கட்டில் இன்னும் அப்படியேதான் கிடக்கு. நீங்க வரும்போது அதுல கண்ணை மூடிப் படுத்திருக்கேன். வந்து நிறுத்துங்க, ஒரு மிதி மிதிச்சு அணைங்க, கதவைச் சாத்துங்க, படியேறி வாங்க. ஒண்ணும் பேசாதீங்க. அங்க படுத்திருக்கவனுக்கு, வர்றது யாருன்னு தெரியுமா தெரியாதான்னு ஒரு தடவை பாத்துருதேன்.